பொட்டும் கோடும்

நடுவர் குடிலில் வந்து உட்கார்ந்ததும் கீர்த்தனன் முதலில் செய்வது பென்சில் சீவுவது. மற்ற நடுவர்கள் மடிக்கணினியில் இலக்கங்களைத் தட்டிவிட்டுக் கோப்பியைக் குடிப்பார்கள். அவனுக்கு ஒரு கட்டு வெற்றுத்தாளும் இரண்டு பென்சிலும் வேண்டும். பாய்பவர் பனிமேட்டின் விளிம்பை விட்டு வானத்தில் எழுந்து, தன் கையால் காலிலுள்ள பனிச்சறுக்குப் பலகையை, ஸ்கீயைத் தொடும் கணத்தில் அவனுடைய பென்சில் முனை தாளைத் தொடும். கை ஸ்கீயை விடும்போது முனையும் தாளை விட்டு எழும். இடைப்பட்ட நேரம் முழுவதும் பென்சில் ஒரே வேகத்தில் வலப்பக்கமாக நகரும். கண் தாளில் இராது, வானத்தில்தான் இருக்கும். பாய்ந்தவர் கீழே இறங்கி நின்ற பிறகு குனிந்து பார்ப்பான். தாளில் ஒரு கோடு இருக்கும், அல்லது ஒரு பொட்டு இருக்கும்.

கோடு என்றால் பாய்ந்தவர் ஸ்கீயைப் பிடித்திருக்கிறார். பொட்டு என்றால் தொட்டுவிட்டு விட்டிருக்கிறார்.

இப்படிப் பிடிப்பதற்குக் ‘கிராப்’ என்று பெயர். சுழலும்போது உடம்பு சிதறிப் போகாமல் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அந்தப் பிடிதான். பிடித்தபடி சுழல்பவரைப் பார்த்தால் அவர் தன் விருப்பப்படி சுழல்கிறார் என்று தெரியும். தொட்டு விடுபவரைப் பார்த்தால் எறிந்த கல் சுழல்வதுபோல இருக்கும். கீர்த்தனனுக்கு அதற்கு மேல் தத்துவம் கிடையாது. இந்தக் கோட்டு முறையை அவனுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கண்ணை நம்பாமல் கையை நம்பப் பழகியதில் தானாக வந்தது அது.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. வாரநாட்களில் ஒஸ்லோவின் அடுக்குமாடிகளில் பழுதான லிப்ட் திருத்துகிறான். குளிர்காலத்துச் சனி, ஞாயிறுகளில் நகரத்துக்கு மேற்கே உள்ள மலையில் இளையவர்களின் பாய்ச்சல் போட்டிகளுக்கு நடுவராக உட்காருகிறான். அதற்குச் சம்பளம் இல்லை. கோப்பியும் வாஃபிளும் கிடைக்கும்.

பிறந்தது நொர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில். தகப்பன் குலேந்திரனும் தாய் ராசமலரும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன்துண்டைப் பரப்பி, முள்ளும் புழுவும் இருக்கிறதா என்று பார்ப்பது தாயின் வேலை. “குறை பிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு எட்டு வயதானபோது குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்து, நகரத்தின் கிழக்கே குடியேறிகள் நிறைந்த ரொம்மனில் வீடு எடுத்தது.

ரொம்மனில் வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் பனிமலைக்கு ஏன் போனான் என்று நொர்வேஜியர்கள் அடிக்கடி கேட்பார்கள். அவன் “சும்மாதான்” என்பான். உண்மைக் காரணம் ஒரு பேச்சுப்போட்டி.

பதினொரு வயதில் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுப் போட்டியில் ‘நான் பிறந்த ஊர்’ என்ற தலைப்பில் அவன் பேசினான். மற்றப் பிள்ளைகள் பெற்றோர் எழுதிக் கொடுத்த யாழ்ப்பாணத்தை ஒப்புவித்தார்கள். அவன் பாட்ஸ்பியோர்ட்டைச் சொன்னான். மீன் வாடை, இரண்டு மாதம் வராத சூரியன், தாயின் விளக்கு மேசை. மண்டபம் சத்தமில்லாமல் கேட்டது. மூன்று நடுவர்களில் ஒருவர் குலேந்திரன். மூவரிலும் குறைந்த புள்ளி போட்டவரும் அவரே. கிண்ணம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தகப்பன் சொன்னார்: “நீதான் இண்டைக்குத் திறம். எனக்குத் தெரியும். ஆனா நான் கூடப் போட்டா சனம் என்ன கதைக்கும், சொல்லு?”

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பான். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும், கலியாண வீட்டிலும் குலேந்திரன் அந்தக் கதையைச் சொன்னார். “என்ர பெடியனுக்கே குறைச்சுப் போட்டனான்!” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். “உங்களை மாதிரி நேர்மையான ஆக்கள் எங்கை அண்ணை இருக்கினம்?” என்றார்கள். பக்கத்தில் சோற்றுத்தட்டோடு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் அதன்பின் எந்தத் தமிழ் மேடையிலும் ஏறவில்லை. தகப்பனை ஒருவருக்கும் தெரியாத ஓர் இடம் அவனுக்கு வேண்டியிருந்தது. நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்குவரை ரயிலில் போனால் அப்படி ஓர் இடம் இருந்தது.

இரவல் ஸ்கீயில் தொடங்கினான். பெரிய பாய்ச்சல்காரன் ஆகவில்லை. அவனிடம் இருந்தது ஒரேயொரு பாய்ச்சல்: ஒரு முழுச்சுற்று, மெதுவாக, ஸ்கீயின் வாலைப் பிடித்தபடி இறங்கும்வரை விடாமல். மலையில் அதைப் பார்க்கவென்று நிற்பார்கள். பத்தொன்பது வயதில் முழங்கால் போயிற்று. நடுவர் பயிற்சிக்குப் போனான்.

நடுவனாக இருந்த காலத்தில் அவனுடைய தாளில் கோடுகள் வருடத்துக்கு வருடம் குறுகின. பிள்ளைகள் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள், பிறகு இரண்டரை, பிறகு மூன்று. சுற்றுக் கூடக்கூடப் பிடிக்க நேரமில்லை. தாள் முழுதும் பொட்டுப் பொட்டாக நிறைந்தது.

சக நடுவன் ஆன்ட்ரியாஸ் முன்னாள் போட்டியாளன், அவனைவிடப் பத்து வயது இளையவன். கீர்த்தனன் குடிலுக்குள் நுழைந்தால் இரண்டு கைகளையும் மேலே தூக்குவான். “கிராப் போலீஸ் வந்துவிட்டது! நான் ஒன்றையும் தொடவில்லை, ஐயா!”

“நீ தொட்டதே இல்லை. அதுதானே உன்னுடைய பிரச்சினை” என்பான் கீர்த்தனன்.

விளையாட்டாகத் தொடங்கினாலும் அவர்களுக்குள் ஓயாத வழக்கு அது. சுற்றை எண்ணலாம், மூன்று என்றால் எல்லோருக்கும் மூன்று, அழகு அவரவர் கண்ணில் இருக்கிறது, கண்ணுக்குப் புள்ளி போட்டால் சண்டைதான் மிஞ்சும் என்பான் ஆன்ட்ரியாஸ். கோட்டையும் அளக்கலாம் என்பான் கீர்த்தனன். வேகமாகச் சுழல்பவனின் பிழை கண்ணுக்குப் படாது, மெதுவாகச் சுழல்பவன் ஒளிக்க இடமில்லாமல் வானத்தில் நிற்கிறான், அவனுக்குப் பயம் அதிகம், அந்தப் பயத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பான். தலைமை நடுவர் ஹில்ட இரண்டு பக்கமும் சாயாமல் வாஃபிளுக்கு ஜாம் பூசிக்கொண்டிருப்பாள்.

இந்த நிலையில்தான் அனஸ்ரேசியா வந்தாள்.

பதினாறு வயது. ரொம்மனில் கீர்த்தனனின் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். தகப்பன் வின்சென்ற் மன்னார்க்காரர், நகரத்தில் பஸ் ஓட்டுபவர். தாய் மரியரஞ்சனி சிறுவர் பள்ளியில் வேலை. அந்தப் பெண் பாய்வதைக் கீர்த்தனன் முதன்முதல் கண்டது ஒரு பயிற்சி நாளில், குடிலுக்கு வெளியே நின்று. ஒன்றரைச் சுற்றுத்தான். நேராக ஏறி, முதுகுப் பக்கமாக இறங்கவேண்டும், இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அவள் மேட்டை விட்டதுமே இடது கை வலது முழங்காலுக்குப் பின்னால் புகுந்து ஸ்கீயின் ஓரத்தைப் பிடித்தது. பிடித்துப் பின்னால் இழுத்தது. உடம்பு வில்லாக வளைந்தது. வளைந்தபடி, அவசரமே இல்லாமல், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பவள்போலச் சுழன்றாள். பனியைத் தொடும் தறுவாயில்தான் கை விட்டது. சத்தமின்றி இறங்கிப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போனாள்.

அவன் கையில் பென்சில் இல்லை. ஆனாலும் விரல் சட்டைப் பைக்குள் நகர்ந்து, பையின் ஓரத்தில் முட்டி நின்றிருந்தது.

அந்த ஆண்டின் பெப்ரவரிப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்த கையோடு வின்சென்ற் அவன் வீட்டு மணியை அழுத்தினார். கையில் ஈயத்தாளால் மூடிய பெட்டி.

“வாங்கோ அண்ணை. என்ன இதெல்லாம்?”

“சும்மா தம்பி. ரஞ்சனி மீன் கட்லற் பொரிச்சவள். நான் ஒண்டும் கேக்க வரேல்லை. அதை முதலே சொல்லிப்போட்டன்.”

“கேக்க வராத ஆள் ஏன் முதலே சொல்லுறியள்?”

வின்சென்ற் வெட்கப்பட்டுச் சிரித்தார். “சரி, கேக்கத்தான் வந்தனான். ஆனா புள்ளி கேக்கேல்லை, மாதாவாணை. இந்த முறை முதலாவதா வாற ஆளுக்கு மட்டும் தேசிய இளையோர் அணியோட பயிற்சி குடுக்கினமாம். பயிற்றுநர் பெடியன் சொல்லுறான், மூண்டு சுத்துச் சுத்தாட்டிக் கிடைக்காதெண்டு. இவள் இந்த ஒண்டரையிலயே நிக்கிறாள். இனி வேண்டாம், புதுசு பழகு எண்டு சொல்லுறதோ, விடுறதோ? எனக்குச் சுத்தத் தெரிஞ்சது றவுண்டபவுட் மட்டுந்தான் தம்பி.”

கீர்த்தனன் உடனே பதில் சொன்னான். யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“அவளை மாத்தாதேங்கோ அண்ணை. மூண்டு சுத்து ஆரும் பழகலாம். இவள் செய்யிறதை இஞ்சை ஒருத்தரும் செய்யேல்லை. அப்பிடியே செய்யட்டும். புள்ளி விழும்.”

“விழுமோ?”

“விழும். நான் சொல்லுறன்.”

வின்சென்ற் எழும்பிப் போகும்போது முகம் தெளிந்திருந்தது. கட்லற் நன்றாக இருந்தது.

போட்டி நாள் காலை வெயிலும் குளிரும் சேர்ந்து வந்தது. பாய்மேட்டுக்குக் கீழே கயிற்றுக்கு அப்பால் பெற்றோர் கூட்டம். வின்சென்ற் பஸ் கம்பனி ஜாக்கெட்டோடு, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீர்த்தனன் குடிலின் கண்ணாடியால் அதைக் கண்டான். அவர் கையை உயர்த்திக் குடிலைக் காட்டி யாரிடமோ சிரித்துச் சிரித்துச் சொல்வதையும் கண்டான்.

சற்று நேரத்தில் ஹில்ட கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“கீர்த்தி, ஒரு விஷயம். அனஸ்ரேசியாவின் அப்பா, நடுவர் எங்கள் ஆள், எங்கள் ரொம்மன் பையன் என்று, அவளோடு போட்டியிடும் எம்மாவின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் வந்து என்னைக் கேட்கிறார். அவள் உனக்குச் சொந்தமா?”

“இல்லை. பக்கத்துக் கட்டடம்.”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“அப்படியானால் விதிப்படி தடை ஒன்றும் இல்லை. நானும் எம்மாவின் தெருவில்தான் இருக்கிறேன்.” அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது.

கீர்த்தனனுக்கு அது அங்கேதான் தொடங்கிற்று. ஈயத்தாள் பெட்டி நினைவுக்கு வந்தது. நான் சொல்லுறன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது வெளியில் எப்படித் தோன்றும்? கீழே நிற்கிற எம்மாவின் தகப்பனுக்கு எப்படித் தோன்றும்? பென்சிலைச் சீவினான். கூரான முனையை மறுபடி சீவினான்.

ஒவ்வொருவரும் மூன்று முறை பாயலாம், மூன்றில் சிறந்தது கணக்கு. மூன்று நடுவரும் தனித்தனியே நூற்றுக்குப் போடுவார்கள், கூட்டுத்தொகைதான் முடிவு. ஹில்ட மூன்றையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தபின் பொத்தானை அழுத்துவாள். அவள் அழுத்தும்வரை ஒருவர் தன் புள்ளியை மாற்றலாம்.

எம்மா நல்ல தைரியசாலி. மூன்று சுற்றுச் சுற்றி, இறங்கும்போது ஒரு கை பனியில் உரச, விழாமல் நின்றாள். ஸ்கீயைத் தொட்டது கண் இமைக்கிற நேரம். கீர்த்தனனின் தாளில் பொட்டு. ஆன்ட்ரியாஸ் எண்பத்தாறு, ஹில்ட எண்பது, கீர்த்தனன் எழுபத்துநான்கு. மொத்தம் இருநூற்று நாற்பது. அதுவரையில் அதுதான் முதலிடம்.

அனஸ்ரேசியா முதல் முறை வேகம் பற்றாமல், சரிவை எட்டாமல் மேட்டின் தட்டைப் பகுதியிலேயே இறங்கிவிட்டாள். இரண்டாம் முறை மேலே நின்று ஒருகணம் கையுறையைச் சரி செய்தாள். வந்தாள்.

பென்சில் தாளைத் தொட்டது. நகர்ந்தது. அவள் வளைந்தாள், திரும்பினாள், அந்த மெதுவான திரும்பல் முடிவதாயில்லை. பென்சில் தாளின் ஓரத்தைத் தாண்டி மேசைப் பலகையில் ஏறிற்று. அப்போதுதான் அவள் கை விட்டது. இறங்கியபோது குதிகால் சற்றே பனியில் அழுந்திற்று, அவ்வளவுதான்.

“என் கையைப் பார்” என்றான் ஆன்ட்ரியாஸ், சட்டைக் கையை மேலே இழுத்துக்கொண்டு. மயிர் குத்திட்டு நின்றது. “ஒன்றரைச் சுற்றுத்தான், சனியன். ஒன்றரைச் சுற்று!” அவன் எழுபத்தெட்டு அடித்தான். ஒன்றரைச் சுற்றுக்கு அவன் அதுவரை அறுபதைத் தாண்டியதில்லை. ஹில்ட எண்பத்துநான்கு.

கீர்த்தனன் தொண்ணூறு என்று எழுதியிருந்தான். எழுதியதைப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் வின்சென்ற் பிளாஸ்கைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு குடிலைப் பார்த்தே நின்றார். அவருக்குப் பக்கத்தில் எம்மாவின் தகப்பனும் குடிலைப் பார்த்தே நின்றார்.

குதி அழுந்தியதல்லவா, என்று அவனுக்குள் ஒரு குரல் சொன்னது. தேடினால் குறை கிடைக்கும். கீழே விளக்கு எரிகிற மேசையில் வைத்தால் எந்த மீனிலும் ஏதோ ஒன்று கிடைக்கும். இன்னும் ஒரு பாய்ச்சல் அவளுக்கு இருக்கிறது, என்று அடுத்து அது சொன்னது. இதைவிட நன்றாகச் செய்வாள், அப்போது போடலாம், அப்போது ஒருவரும் கதைக்க முடியாது.

தொண்ணூறை வெட்டி எழுபத்தேழு போட்டான்.

ஹில்ட வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “கீர்த்தி, நீயா குறைவு? இதற்குப் போய் ஆன்ட்ரியாஸை விட நீ குறைவா?”

“இறங்கியது சரியில்லை. குதி அழுந்தியது.”

“நிச்சயமா? அழுத்தப்போகிறேன்.”

ஆன்ட்ரியாஸ் கதிரையோடு திரும்பி அவனைப் பார்த்தான்.

“நிச்சயம்” என்றான் கீர்த்தனன்.

பலகையில் இருநூற்று முப்பத்தொன்பது என்று விழுந்தது. எம்மாவைவிட ஒன்று குறைவு.

கீழே அனஸ்ரேசியா பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதும் அதில் தெரியும். பயிற்றுநர் அவள் காதில் ஏதோ சொன்னான். மூன்றாம் முறை அவள் மேலேயிருந்து வந்த வேகம் வேறு மாதிரி இருந்தது. பிடித்தாள், பிடித்த கையை உடனே விட்டாள், ஒன்றரையை இரண்டாக்கப் பார்த்தாள். இதற்குமுன் அவள் போட்டியில் செய்யாத சுற்று. தோளால் விழுந்து சரிவில் உருண்டு, எழும்பி, ஒரு ஸ்கீயைப் பொறுக்கப் போனாள். காயம் ஒன்றும் இல்லை. கீர்த்தனனின் தாளில் முதற்தடவையாக அவள் பெயருக்கு நேரே ஒரு பொட்டு.

எம்மா தேசிய அணியின் பயிற்சிக்குத் தெரிவானாள்.

வாகனத் தரிப்பிடத்தில் வின்சென்ற் அவனுக்காகக் காத்து நின்றார். பிள்ளை காருக்குள் இருந்தாள், கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. கீர்த்தனன் ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தம்பி, நன்றி.”

“என்னண்ணை, எதுக்கு?”

“உள்ளதைப் போட்டதுக்கு. மற்ற ரெண்டு பேரும் நொர்வேஜியர். கறுத்தப் பிள்ளை, ரொம்மன் பிள்ளை எண்டு பாவம் பாத்து அள்ளிப் போட்டிருக்கினம். நீங்கள் எங்கட ஆள், உங்களுக்குப் பாவம் பாக்கத் தேவையில்லை. உங்கட புள்ளிதான் சரியான புள்ளி எண்டு நான் பிள்ளைக்குச் சொன்னனான்.”

“அண்ணை, அப்பிடி இல்லை...”

“இல்லையில்லை, நான் குறை சொல்லேல்லை. அண்டைக்கு நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னனீங்கள், இண்டைக்குப் போட்டியில பாக்கேக்கதான் அது காணாதெண்டு உங்களுக்கே விளங்கியிருக்கும். அப்ப இனி அந்த மூண்டு சுத்தைப் பழகட்டும், என்ன?”

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. எழுபத்தேழு பொய் என்று சொல்லவேண்டும். காருக்குள் இருந்தவள் இப்போது கண்ணாடியை அரைவாசி இறக்கியிருந்தாள்.

“ஓம்” என்றான். “பழகட்டும்.”

அடுத்த நாள் தகப்பன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. குலேந்திரன் அவனுக்கு முன்னே உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தைச் சந்தோஷமாகப் பார்த்தார்.

“வின்சென்ற் போன் எடுத்தவன்.”

“ம்.”

“எங்கட பிள்ளை எண்டும் பாராமல் குறைச்சுப் போட்டியாம். சரியான மதிப்பாக் கதைச்சான். நான் சொன்னனான், அவன் என்ர பிள்ளையெல்லே, அது என்ர வளர்ப்பெண்டு. உன்ர பேச்சுப்போட்டிக் கதையையும் சொன்னனான்.”

“அவருக்கும் சொல்லிப்போட்டியளே?”

“ஏன், அதில என்ன? பெருமையான விசயந்தானே.”

கீர்த்தனன் சோற்றைப் பிசைந்தான். “அப்பா, அது உள்ளதில்லை. நான் போட்டது.”

“என்ன?”

தாய் குழம்புச் சட்டியோடு நின்றாள். தகப்பன் காதைக் கொடுத்துக்கொண்டு முன்னே சாய்ந்தார். எழுபத்தைந்து வயது. கண்ணில் பெருமை தவிர வேறொன்றும் இல்லை.

“ஒண்டுமில்லை. குழம்புக்கு உப்புக் கொஞ்சம் கூட.”

“நான் காலமையே சொன்னனான்” என்றார் தகப்பன் தாயைப் பார்த்து.

அந்தக் கோடை முழுக்க அனஸ்ரேசியா பனிக்குப் பதிலாக விரித்த பெரிய காற்றுப்பையின் மேல் பாய்ந்து பழகினாள் என்று கேள்விப்பட்டான். சனிக்கிழமைகளில் கட்டடத்துக்கு முன்னால் அவளைக் காண்பான். முதுகில் பெரிய பை. “ஹாய் மாமா” என்பாள். “ஹாய்” என்பான். மேற்கே போகிற ரயிலில் அவள் எதற்குப் போகிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த பெப்ரவரி, அதே மலை, அதே குடில். அவள் மூன்று சுற்றுச் சுற்றினாள். கச்சிதமாகச் சுற்றினாள். உடம்பு ஒரு முடிச்சாகச் சுருங்கிற்று, கை ஸ்கீயை ஒருமுறை தட்டிற்று, விரிந்தாள், இறங்கினாள், கை பனியில் படவில்லை. வளைவு இல்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அந்தப் போட்டியில் பாய்ந்த மற்ற ஐந்து பேரிடமிருந்து அவளைப் பிரித்தறியத் தலைக்கவசத்தின் நிறத்தைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

தாளில் பொட்டு.

கீர்த்தனன் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். குறைத்துப் போடலாம். நியாயமும் இருக்கிறது, கிராப் இல்லை. ஆனால் அதேபோலப் பொட்டு விழுந்த மற்ற எல்லாருக்கும் அன்று அவன் போட்டுவந்த அளவு ஒன்று இருந்தது. அந்த அளவின்படி உயரத்துக்கும் இறக்கத்துக்கும் சேர்த்து எண்பத்தைந்து வரும். எண்பத்தைந்து போட்டான். அதுவும் ஒரு விதத்தில் சரியான புள்ளிதான். ஆன்ட்ரியாஸ் தொண்ணூற்றிரண்டு. அவள் முதலாவதாக வந்தாள். தேசிய அணியின் பயிற்சி இடம் அவளுக்குக் கிடைத்தது. கீழே வின்சென்ற் பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிப்பிடித்தார்.

ஆண்கள் பிரிவு தொடங்குவதற்கு முன்னிருந்த இடைவேளையில் அவள் குடிலின் வாசலுக்கு வந்தாள். தலைக்கவசம் கையில், முகம் குளிரில் சிவந்திருந்தது. மலையில் அவள் தமிழ் பேசுவதில்லை.

“உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வந்தேன்” என்றாள் நொர்வேஜிய மொழியில். “போன வருடம் எல்லோரும் அழகு, அழகு என்று என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் உண்மையைப் போட்டீர்கள். அந்த எழுபத்தேழை என் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன்.”

“அனஸ்ரேசியா, அந்த ஒன்றரைச் சுற்று... அதை இன்னும் செய்கிறாயா?”

“எதற்கு?” அவள் உண்மையாகவே வியந்தாள். “அதற்குப் புள்ளி இல்லையே.”

அவன் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக வந்து நின்றது. நீதான் அண்டைக்குத் திறம், எனக்குத் தெரியும். தகப்பன் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நின்று சொன்ன அதே வசனம், அதே குரலில். பதினொரு வயதில் அதை வாங்கிக்கொண்ட பையனுக்கு அது எதற்கு உதவியது என்று அவனுக்குத் தெரியும். கிண்ணம் கையில் இல்லாதவனுக்கே அது உதவவில்லை. கிண்ணம் கிடைத்தவளிடம் அதைச் சொன்னால், கதவில் ஒட்டியிருப்பதையும் கிழித்து எறிந்ததாகும். விழுங்கிக்கொண்டான்.

“வாழ்த்துக்கள்” என்றான்.

“நன்றி மாமா” என்றாள், கடைசிச் சொல்லை மட்டும் தமிழில். பனிச்சப்பாத்துக் கடகடக்கப் படியிறங்கிப் போனாள்.

“போலீஸ், கதவு! குளிர்!” என்றான் ஆன்ட்ரியாஸ் உள்ளேயிருந்து.

கீர்த்தனன் கதவைச் சாத்திவிட்டு வந்து புதிய தாளொன்றை எடுத்து வைத்தான். பென்சிலைச் சீவினான். முனை நன்றாகக் கூராக வந்தது. அன்று பின்னேரம் வெளிச்சம் போகும்வரை அது பொட்டுத்தான் வைத்தது.